புத்தருக்கு யாரும் முடி காணிக்கை கொடுக்கறதில்ல

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர் ஆன்மிக பக்கத்துல மொட்டை போடுறதை பத்தி ஒரு கட்டுரை வந்துச்சு. திருப்பதி, பழனி, சமயபுரம், வேளாங்கண்ணின்னு எல்லாத்தையும் நல்லாவே எழுதிட்டு கடைசியில நாலே வரில, புத்த மதத்துலயும் இதே வழக்கம்தான், அவங்களும் புத்தருக்கு முடியை காணிக்கையா கொடுத்துட்டுதான் மதத்துல சேரணும்னு முடிச்சுட்டீங்க. வேற யாராவது படிச்சிருந்தா அடுத்த பக்கம் ராசிபலனுக்கு போயிருப்பாங்க, ஆனா நான் போன எட்டு மாசமா மொட்டை அடிக்கலாமா வேணாமான்னு இதே விஷயத்தை போட்டு உருட்டிக்கிட்டு இருக்கற ஆளு, அதனால அந்த நாலு வரியை தாண்ட முடியல. கடிதம் கொஞ்சம் நீளம்தான், வெட்டி போட்டாலும் பரவாயில்ல, ஆனா அந்த காணிக்கை வரிக்கு மட்டும் ஒரு திருத்தம் போட்டுடுங்க.

என்னைய பத்தி சொல்லிடறேன். வயசு 54, தபால் ஆபீஸ்ல 29 வருஷம் வேலை பாத்துட்டு வீஆர்எஸ் வாங்கிட்டேன், வீட்டுக்காரர் இருக்கார், பையன் வெளியூர்ல வேலை, படுத்த படுக்கையா எங்கம்மா என்கூடதான். எங்க தாத்தா கோலார் தங்கவயல்ல, மாரிகுப்பத்துல சுரங்க வேலை பாத்தவர். அயோத்திதாச பண்டிதர் ஆரம்பிச்ச சாக்கிய பௌத்த சங்கம் அங்க பலமா இருந்த ஊரு அது, தாத்தாவும் அதுல இருந்தவர்தான். வைகாசி பௌர்ணமிக்கு வெள்ளை வேட்டி கட்டி பஞ்சசீலம், அதாவது பௌத்தர்களோட அஞ்சு ஒழுக்க உறுதிமொழி, சொல்லுவாராம். இதை எதுக்கு சொல்றேன்னா அவர் சாகற வரைக்கும் தலை நிறைய முடி, முறுக்கின மீசை, போட்டோ இன்னும் வீட்டுல இருக்கு. அவரை பௌத்தர் இல்லைன்னு யார் சொல்றது? அவ்வளவு ஏன், 1956 அக்டோபர் 14ஆம் தேதி நாக்பூர்ல அம்பேத்கர் தீட்சை வாங்கினப்ப அவர் மொட்டை அடிச்சாரா, அவர் பின்னாடி நின்ன லட்சக்கணக்கான ஜனங்க அடிச்சாங்களா? வெள்ளை துணி கட்டிக்கிட்டு போனாங்க, மூணு சரணம் அஞ்சு சீலம் சொன்னாங்க, 22 உறுதிமொழி எடுத்தாங்க, எப்படி முடியோட போனாங்களோ அப்படியே முடியோட வீட்டுக்கு வந்தாங்க. அதுக்கும் முன்னாடி போனா, புத்தர் ஞானம் அடைஞ்ச உடனே அவர்கிட்ட முதல்ல சரணம் போன உபாசகர்கள், அதாவது துறவு போகாம வீட்டோட இருக்கற பௌத்தர்கள், ரெண்டு வியாபாரிங்க, தபுஸ்ஸர், பல்லிகர்னு பேரு, அவங்க வண்டியை நிறுத்தி சாப்பாடு கொடுத்துட்டு சரணம் சொல்லிட்டு திரும்ப வண்டியை ஓட்டிக்கிட்டு போயிட்டாங்க. அவங்க புத்தருக்கு முடி கொடுக்கல, புத்தர்தான் அவங்களுக்கு தன்னோட எட்டு முடியை கொடுத்தாருன்னு பர்மாக்காரங்க சொல்றாங்க, ரங்கூன் ஷ்வேடகோன் பகோடாவுக்குள்ள அதுதான் இருக்குன்னு அவங்க நம்பிக்கை. காணிக்கை கணக்கு தலைகீழா இருக்கு பாருங்க.

அப்ப மொட்டை யாருக்கு? வீட்டை விட்டு போறவங்களுக்கு. அவ்வளவுதான் விஷயம். புத்தர் தன் கதையை தானே சொல்ற இடம் ஒண்ணு மஜ்ஜிம நிகாயத்துல, அதாவது புத்தரோட பேச்சுகளை பாலி மொழியில தொகுத்த நூல்ல, இருக்கு, தலை கருகருன்னு இருந்த வயசுலயே, அப்பா அம்மாவுக்கு இஷ்டமில்லாம அவங்க கண்ணீரும் கம்பலையுமா நிக்கறப்பவே, முடியையும் தாடியையும் மழிச்சுட்டு காவி கட்டிக்கிட்டு வீட்டை விட்டு போனேன்னு சொல்றாரு. அந்த வரியில குதிரையும் இல்ல தேவர்களும் இல்ல. பின்னாடி வந்த கதைலதான் அனோமா நதிக்கரை, கந்தகன்ற குதிரை, சாரதி சன்னன், வாளால கொண்டையை அறுத்து ஆகாசத்துல வீசினது, அதை இந்திரன் புடிச்சு தேவலோகத்துல சூளாமணி சேதியம்னு ஒரு தூபி கட்டி வச்சதுன்னு எல்லாம் வரும். (நம்ம நாகப்பட்டினத்துல ராஜராஜ சோழன் காலத்துல கட்டின சூடாமணி விகாரம் ஸ்ரீவிஜய ராஜா ஒருத்தரோட அப்பா பேர்ல வச்சது, ஆனாலும் அந்த பேரை கேட்டாலே எனக்கு அந்த வெட்டின கொண்டைதான் ஞாபகம் வரும்.) அறுத்தப்புறம் மிச்சம் இருந்த முடி ரெண்டு விரல் நீளத்துக்கு வலப்பக்கமா சுருண்டுக்கிச்சாம், அதுக்கப்புறம் வளரவே இல்லையாம். சிலைகள்ல அந்த சுருள் முடி வர்றதுக்கு இதைத்தான் காரணமா சொல்லுவாங்க. எக்மோர் மியூசியத்துல நாகப்பட்டினம் புத்தர் செப்பு சிலைகளை போய் பாருங்க, தலை முழுக்க சின்ன சின்ன சுருள், உச்சியில சுடர். ஆனா பழைய சூத்திரங்கள்ல வர்றவங்க அவரை கூப்பிடறது 'முண்டகன்'னுதான், அதாவது மொட்டையன். ஒரு தடவை தலையை மூடிக்கிட்டு உக்காந்திருந்தாரு, வேள்வி பண்ணி மிஞ்சின பிரசாதத்தை யாருக்காவது கொடுக்கலாம்னு ஒரு பிராமணர் கிட்ட வந்தாரு, சத்தம் கேட்டு புத்தர் முக்காட்டை எடுத்ததும், அடடா மொட்டைன்னு திரும்பி போக பாத்தாரு. இன்னொரு பிராமணர் பிச்சைக்கு வந்தவரை தூரத்துலயே, "அங்கேயே நில்லு மொட்டையா, அங்கேயே நில்லு சாமியாரே, அங்கேயே நில்லு இழிஞ்சவனே"ன்னு நிறுத்தினாரு. அப்ப புத்தர் சொன்ன பதில்தான் பிறப்பால யாரும் இழிஞ்சவன் ஆகறதில்லங்கறது. அந்த பதிலை எங்க தாத்தா மாதிரி ஆளுங்க ஏன் நெஞ்சுல வச்சிருந்தாங்கன்னு நான் விளக்கணுமா என்ன.

அதாவது அந்த காலத்துல மொட்டைன்னா கௌரவம் இல்ல, வசவு. அந்த வசவை தலையிலயே எழுதி வச்சுக்கிட்டு தெருவுல இறங்கினாங்க. நீங்க கட்டுரைல எழுதினது வேற சமாச்சாரம், திருப்பதியில நாம சாமிக்கு வேண்டிக்கிட்டு கொடுக்கறோம், அந்த முடி கோடிக்கணக்குல ஏலம் போகுது, நாம சந்தனம் பூசிக்கிட்டு வந்து மூணு மாசத்துல பழையபடி சீவ ஆரம்பிச்சுடறோம். தப்புன்னு சொல்லல, நானும் என் பையனுக்கு ரெண்டு தடவை போட்டிருக்கேன். ஆனா பிக்குவோட, அதாவது பௌத்த துறவியோட, முடியை வாங்கிக்கறதுக்கு அங்க யாரும் இல்ல. தாய்லாந்துல தாமரை இலைல புடிச்சு ஆத்துல விடுவாங்க, பர்மால அப்பா அம்மா வெள்ளை துணியை விரிச்சு புடிச்சுப்பாங்க. அப்படியும் அது ஒரு தடவையோட முடியற வேலை இல்ல, சாகற வரைக்கும் சவரம் பண்ணிக்கிட்டே இருக்கணும். விநயத்துல, அதாவது துறவிகளுக்கான விதி நூல்ல, அளவே இருக்கு, ரெண்டு மாசம் இல்லேன்னா ரெண்டு விரல்கட்டை, அதுக்கு மேல வளர விடக்கூடாது. சீப்பு வச்சுக்க கூடாது, எண்ணெய் வச்சு வழிச்சு வாரக்கூடாது, நரைமுடி புடுங்க கூடாது, முகத்துல புண்ணு கிண்ணு இருந்தாலொழிய கண்ணாடி பாக்க கூடாது. ஒரு பிக்குவுக்கு சொந்தமா இருக்கற எட்டு பொருள்ல சவரக்கத்தியும் ஒண்ணு. தாய்லாந்துல பௌர்ணமிக்கு முந்தின நாள் சவர நாள், ஜப்பான் ஜென் மடங்கள்ல நாலு ஒம்பதுல முடியற தேதிகள்.

இதெல்லாம் படிச்சப்ப எனக்கு சிரிப்பு வந்துச்சு, ஏன்னா அப்ப நான் இருபது நாளைக்கு ஒரு தடவை ஹேர் டை அடிக்கற ஆளு. பாத்ரூம்ல பழைய நைட்டி போட்டுக்கிட்டு கண்ணாடி முன்னாடி பிரஷ்ஷோட அரை மணி நேரம். எங்க தியான வகுப்புக்கு வர்ற ஃப்ரெண்ட் ஒருத்தி தாய்லாந்து போய் ஒம்பது நாள் சாமணேரியா இருந்துட்டு வந்தா, அதாவது பத்து சீலம் எடுத்த இளந்துறவி. நக்கோன் பதோம்ல பெண்களே நடத்துற மடம் ஒண்ணு இருக்கு, தம்மானந்தா பிக்குணின்னு ஒருத்தங்க, முன்னாடி காலேஜ் புரொபசர், தாய்லாந்து சங்கம் 1928லயே பெண்களுக்கு தீட்சை கொடுக்க கூடாதுன்னு உத்தரவு போட்டதால இலங்கை போய் 2003ல பிக்குணி ஆனாங்க, அவங்க இடத்துல பெண்களுக்கு தற்காலிகமா தீட்சை கொடுக்கறாங்க. ஆம்பளைங்களுக்கு அங்க இது சகஜம், முன்னாடி இருந்த அவங்க ராஜா பூமிபாலே 1956ல பதினஞ்சு நாள் பிக்குவா இருந்தாரு. என் ஃப்ரெண்ட் திரும்பி வந்தப்ப தலை மொழுமொழுன்னு, புருவமும் இல்ல, பாக்க பச்சைப்புள்ளை மாதிரி இருந்தா. நானும் போகணும்னு அன்னிக்கு மனசுல விழுந்ததுதான்.

முதல்ல வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். அவருக்கு முன்னாடியும் இல்ல நடுவுலயும் இல்ல, காது ஓரம் மட்டும் கொஞ்சம் இருக்கு. "எனக்கு தானா நடந்ததை நீ ஃப்ளைட் புடிச்சு போய் பண்ணிக்கற, பண்ணிக்கோ"ன்னாரு. அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, ஆவணியில அக்கா பொண்ணு கல்யாணம் இருக்கே, போட்டோல எப்படி நிப்பன்னு கேட்டாரு. நாத்தனார் வாட்ஸப்ல, வேண்டுதலா, என்ன வேண்டுதல், எங்ககிட்ட சொல்லக்கூடாதான்னு கேட்டாங்க. பார்லர்ல சும்மா விசாரிக்கத்தான் போனேன், அந்த பொண்ணு சீப்பை கீழ வச்சுட்டு குரலை தாழ்த்தி, "கீமோவா ஆன்ட்டி?"ன்னுச்சு. இல்லம்மான்னா நம்பல, என் கைய புடிச்சுக்கிட்டு அவங்க பெரியம்மாவுக்கும் இப்படித்தான்னு ஆரம்பிச்சுடுச்சு. நம்ம ஊருல ஒரு பொம்பளை தலை மொட்டையா இருந்தா ஒண்ணு கோயில், இல்லேன்னா வியாதி, அந்த காலமா இருந்தா சில வீடுகள்ல புருஷன் போனவ. நாலாவதா ஒரு காரணத்தை யாரும் எடுத்துக்கவே மாட்டாங்க.

ஆனா தமிழ்லயே அந்த நாலாவது காரணம் எப்பவோ இருந்திருக்கு. சிலப்பதிகாரம் வஞ்சிக்காண்டத்துல மாதவி மணிமேகலை துறவு பத்தி சொல்றப்ப "கோதைத் தாமம் குழலொடு களைந்து"ன்னு வரும், பூமாலையையும் கூந்தலையும் சேத்தே எடுத்துட்டாங்க. ஸ்கூல்ல இந்த வரியை மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கினவதான் நான், அப்ப அது ஒரு பொண்ணு தலை, மொட்டையா ஆன தலைன்னு ஒரு தடவை கூட தோணல. ஐம்பெரும் காப்பியத்துல குண்டலகேசி, அதுல நமக்கு கிடைச்சதே பத்தொம்போது பாட்டுதான், அந்த பேருக்கே சுருட்டை முடிக்காரின்னு அர்த்தம். பாலி கதைல அவ முதல்ல சமண சங்கத்துல சேர்றா, அங்க கத்தி கிடையாது, பனங்கருக்கால முடியை வேரோட புடுங்கினாங்க, திரும்ப முளைச்சப்ப சுருள் சுருளா வந்துச்சு, அதான் அந்த பேரு. அப்புறம் ஊர் ஊரா வாதம் பண்ணிக்கிட்டு வந்தவளை புத்தரோட முக்கிய சீடர் சாரிபுத்தர் ஒரே கேள்வில மடக்கிட்டாரு, "ஒண்ணுங்கறது எது?"ன்னு. பதில் தெரியாம பிக்குணி ஆனா. பிக்குணிகள் பாடின பாட்டு தொகுப்பான தேரிகாதைல அம்பபாலி பாட்டு இன்னும் நேரா இருக்கும், ஒரு காலத்துல வண்டு நிறத்துல நுனி சுருண்டு இருந்த என் கூந்தல் இப்ப வயசாகி சணல் நார் மாதிரி ஆயிடுச்சுன்னு ஆரம்பிக்கறா. ஹேர் டை டப்பாவை கையில வச்சுக்கிட்டு அதை படிச்சு பாருங்க, அப்ப தெரியும்.

அம்மாகிட்ட கடைசியாதான் சொன்னேன், பயந்துக்கிட்டு. 82 வயசு, பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்புல ஆபரேஷன் ஆகி அப்புறம் எழுந்திருக்கவே இல்ல. "ஏண்டி, புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப உனக்கு எதுக்குடி இந்த கோலம்? திருப்பதிக்கு வேண்டிக்கிட்டியா? இல்லேல்ல? அப்ப பேசாம இரு"ன்னு சுவத்து பக்கம் திரும்பிக்கிச்சு.

54 வயசுல அம்மாகிட்ட எதுக்கு பர்மிஷன்னு நீங்க கேக்கலாம். கேக்கணும்னு விதியே இருக்கு ஐயா. புத்தர் கபிலவஸ்துவுக்கு வந்தப்ப ஏழு வயசு மகன் ராகுலனை சாரிபுத்தரை விட்டு சாமணேரனாக்கிட்டாரு. தாத்தா சுத்தோதனர் உடைஞ்சு போயிட்டாரு. நீ போனப்ப வலிச்சுது, உன் தம்பி நந்தன் போனப்ப வலிச்சுது, இப்ப இவனும், புள்ளை பாசம் தோலை அறுத்து சதையை அறுத்து எலும்பை அறுத்து மஜ்ஜை வரைக்கும் போகுது, இனிமே அப்பா அம்மா சம்மதம் இல்லாம யாருக்கும் தீட்சை கொடுக்காதேன்னு மகன்கிட்டயே மனு போட்டாரு. புத்தர் ஒத்துக்கிட்டாரு. தன் விஷயத்துல அவர் பண்ணாததை மத்தவங்களுக்கு விதியா வச்சாரு, இதுல எனக்கு அவர் மேல கொஞ்சம் கோவமும் உண்டு கொஞ்சம் மரியாதையும் உண்டு. இன்னிக்கும் தீட்சை நேரத்துல கேக்கற கேள்வியில அது இருக்கு, அப்பா அம்மா சம்மதமா, பெண்ணா இருந்தா புருஷன் சம்மதமா, கடன் இருக்கா, ராஜாங்க வேலையில இருக்கியான்னு. ராஜாங்க வேலை முடிஞ்சுது, வீட்டுக்காரர் ஓக்கே. ஹவுசிங் லோன் இன்னும் நாலு வருஷம் ஓடுது, ஒம்பது நாளைக்கு அதை பெரிசா எடுத்துக்க மாட்டாங்கன்னு ஃப்ரெண்ட் சொன்னா, நான் இன்னும் கேட்டு பாக்கல. அம்மாதான் பெரிய தடை.

அந்த சமயத்துலதான் கடிகாரர் கதை என் கண்ணுல பட்டுச்சு. இதுவும் மஜ்ஜிம நிகாயம்தான், 81ஆவது சூத்திரம். முந்தின புத்தர் காஸ்ஸபர் காலத்து கதை. கடிகாரர்னு ஒரு குயவர், அவருக்கு ஜோதிபாலன்னு ஒரு பிராமண பையன் ஃப்ரெண்டு. வாடா புத்தரை பாக்கலாம்னா, அந்த மொட்டை சாமியாரை பாத்து என்னடா ஆகப்போகுதுன்னுட்டான். மூணு தடவை கூப்பிட்டு பாத்தாரு. ஆத்துக்கு குளிக்க போனாங்க, அங்கயும் அதே பதில், இடுப்பு கச்சையை புடிச்சு இழுத்து பாத்தாரு, வரல. கடைசியில அப்பதான் தலைக்கு குளிச்சிருந்த அந்த பையனோட முடியையே புடிச்சு இழுத்துட்டாரு. யோசிச்சு பாருங்க, ஒரு குயவன் பிராமண பையன் தலைமுடியில கை வைக்கறான். இவன் இவ்வளவு தூரம் போறான்னா விஷயம் சின்னதா இருக்காதுன்னு ஜோதிபாலன் கூட போறான். போயி தர்மத்தை கேட்டுட்டு திரும்பி வர்றப்ப, ஏண்டா கடிகாரா நீ இவ்வளவு கேட்டும் ஏன் துறவு போகலன்னு கேக்கறான். உனக்குத்தான் தெரியுமே, கண்ணு தெரியாத வயசான அப்பா அம்மாவை நான்தான் பாத்துக்கறேன்னு சொல்றாரு. மொட்டைன்னு கேலி பண்ணவன் மொட்டை அடிச்சுக்கிட்டான், முடியை புடிச்சு இழுத்தவர் முடியோடயே பானை செஞ்சுக்கிட்டு வீட்டுல இருந்தாரு. அந்த ஜோதிபாலன் நான்தான்னு புத்தர் கதையை முடிக்கறாரு. ஆனா கதை முழுக்க காஸ்ஸபர் உச்சி குளிர்ந்து பேசறது குயவரை பத்தித்தான், அவர் வீட்டுல இல்லாதப்பவே போய் பானையில இருந்த சோத்தை எடுத்து சாப்பிடற அளவுக்கு உரிமை, குடிசைக்கு கூரை ஒழுகுதுன்னா அவர் வீட்டு கூரையை பிரிச்சு எடுத்துட்டு வாங்கன்னு சொல்ற அளவுக்கு உரிமை.

இதை படிச்சு ஒரு வாரம் எனக்கு என்னவோ மாதிரி இருந்துச்சு. நான் முடிவு பண்ண வேண்டியது முடியை பத்தியே இல்லேன்னு புரிஞ்சுது, வீட்டை விட்டு போறேனா இல்லையாங்கறதைத்தான். போகலேன்னா மொட்டை அடிச்சும் ஒண்ணும் இல்ல, அடிக்காமலும் ஒண்ணும் இல்ல. மழித்தலும் நீட்டலும் வேண்டான்னு வள்ளுவர் சொன்னதை எடுத்துக்காட்டாம ஒரு தமிழ் வாசகர் கடிதம் முடியாதுங்கறதால அதையும் சொல்லிடறேன், புத்தர் வாக்குகளா சொல்ற பாட்டுகள் இருக்கற தம்மபதத்துலயும் அதே தொனி இருக்கு, ஒழுக்கமில்லாம பொய் பேசறவன் மொட்டை அடிச்சதால துறவி ஆயிட மாட்டான்னு ஒரு பாட்டு, முட்டாளே உனக்கு ஜடாமுடி எதுக்குன்னு இன்னொரு பாட்டு. ஜப்பான்ல 1872ல அரசாங்கமே பிக்குகள் கறி திங்கலாம் கல்யாணம் பண்ணலாம் முடி வளக்கலாம்னு சட்டம் போட்டுடுச்சு, இப்ப அங்க முடியோட இருக்கற குருமார் நிறைய பேர், திபெத்துல நீள முடியோட இருக்கற தாந்திரிக யோகிகள் உண்டு. அதனால மொட்டைதான் பௌத்தம்னு எழுதறதும் சரியில்ல.

இருந்தாலும் முடியில ஒண்ணுமே இல்லைன்னும் நான் சொல்ல மாட்டேன். சாக்கியர்களோட நாவிதர் உபாலி கதை தெரியுமா? அனுருத்தர் ஆனந்தர் தேவதத்தன்னு ஆறு ராஜகுமாரங்க துறவுக்கு கிளம்பினப்ப நகையெல்லாம் கழட்டி அவர்கிட்ட கொடுத்து நீ போய் பொழைச்சுக்கோன்னு அனுப்பினாங்க. அவர் நகையை மரத்துல தொங்க விட்டுட்டு பின்னாடியே வந்துட்டாரு. குமாரங்களே புத்தர்கிட்ட, எங்களுக்கு ஜம்பம் ஜாஸ்தி, இவருக்கு முதல்ல தீட்சை கொடுங்க, நாங்க இவரை கும்பிடணும்னு கேட்டுக்கிட்டாங்க. அவங்க தலையை சிரைச்சவர்தான் அப்புறம் ராஜகிருகத்துல நடந்த முதல் சங்க கூட்டத்துல விநயம் முழுசையும் ஒப்பிச்சவர். தலையில முடி போனா சாதி அடையாளம், குடுமி, கிரீடம் எல்லாம் போகுதுங்கறதை நான் இந்த கதைல இருந்துதான் புரிஞ்சுக்கிட்டேன்.

சரி, அம்மா விஷயத்துக்கு வர்றேன். படுத்தே கிடக்கறதால தலை பின்பக்கம் முழுக்க சிக்கு, தேங்கா எண்ணெய் போட்டு விரலால பிரிச்சாலும் மறுநாள் அதே சடை, வேர்வை, அரிப்பு, வலி. ஆடி மாசம் ஒரு மத்தியானம் அம்மாவே, "எடுத்துடுடி, முடியல"ன்னுச்சு. கொஞ்சம் கட் பண்ணி விடவான்னேன். முழுசா எடுன்னுச்சு. திருப்பதிக்குன்னு நெனச்சுக்கிட்டு எடுக்கவான்னு கேட்டேன், "எதுக்கும் இல்ல, அரிக்குது"ன்னு பதில். வீட்டுக்காரரோட ட்ரிம்மரை எடுத்துக்கிட்டு வந்து, தலைக்கு அடியில பழைய துண்டு, அதுக்கு கீழ உங்க பேப்பரைத்தான் விரிச்சேன், மன்னிச்சுக்கோங்க. முதல் கத்தை கையில வந்து விழுந்ததும் எடையே தெரியல. என் தலை பின்னின கைக்காரியோட முடி இது, எண்ணெய் வாசனையோட, நரைச்சு மஞ்சளடிச்சு. தீட்சை கொடுக்கறப்ப மழிக்கற முடியை கையில கொடுத்து குரு சொல்லி கொடுக்கற அஞ்சு வார்த்தை உண்டு, கேசா, லோமா, நகா, தந்தா, தசோ. எனக்கே தெரியாம வாய் முணுமுணுத்துடுச்சு.

"என்னடி மந்திரம் சொல்ற?"ன்னுச்சு அம்மா.

மந்திரம் இல்லம்மா, தலைமுடி, உடம்பு முடி, நகம், பல்லு, தோலு, அவ்வளவுதான் அர்த்தம்னேன்.

"பல்லு எனக்கு ஏது"ன்னுச்சு.

ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல ட்ரிம்மரை ஆஃப் பண்ண வேண்டியதாயிடுச்சு. முடிச்சு ஈரத்துணியால துடைச்சு விட்டதும் அம்மா கைய தூக்கி தலையை தடவி தடவி பாத்துது, "காத்து படுதுடி"ன்னு சொல்லிட்டு ரொம்ப நாளைக்கப்புறம் சாயங்காலம் வரைக்கும் நல்லா தூங்கிச்சு. பேப்பரை மடிச்சு முடியை என்ன பண்றதுன்னு தெரியாம அரை நாள் வச்சிருந்தேன், அப்புறம் மாடியில முருங்கை தொட்டியில மண்ணை தோண்டி போட்டேன்.

அதுக்கப்புறம் நான் தாய்லாந்து பேச்சையே எடுக்கல. அம்மாதான் போன வாரம், உங்க கட்டுரையை நான் படிச்சு காட்டி திட்டிக்கிட்டு இருந்தப்ப, "ஒம்பது நாள்தானே, வேலூர்ல இருந்து உன் தங்கச்சியை வர சொல்லிட்டு போயிட்டு வா, ஆனா புருவத்தை மட்டும் எடுக்காதடி, பாக்க நல்லா இருக்காது"ன்னுச்சு. புருவம் எடுக்கணும்னு விநயத்துல எங்கயும் இல்ல, அது தாய்லாந்து வழக்கம், இலங்கைலயும் பர்மாலயும் எடுக்க மாட்டாங்க. ஆனா நான் போக நினைச்சது தாய்லாந்து. இப்ப பாதி சம்மதத்தை சம்மதம்னு கணக்குல எடுத்துக்கலாமான்னு ஒரு பிக்குணிக்கு மெயில் போட்டு கேட்டிருக்கேன், டிக்கெட் இன்னும் போடல, ஹேர் டை மட்டும் ஆடியோட நிறுத்திட்டேன், வகிடு பக்கம் ரெண்டு விரல்கட்டைக்கு வெள்ளையா தெரியுது.

அந்த காணிக்கை வரிக்கு திருத்தம் போட மறந்துடாதீங்க.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
பெரம்பூர், சென்னை.